பாண்காரரின் சொந்தக்காரர்கள்

"உங்களுக்கு அவர் என்ன முறை?"

பொலிஸ் சார்ஜன்ட் என்னைத்தான் கேட்டார். இடுப்பில் இருந்த வாணியை மற்ற இடுப்புக்கு மாற்றினேன். பிறகு பழைய இடுப்புக்கே திரும்பவும் மாற்றினேன். வீட்டிலிருந்து புறப்பட்டது தொடக்கம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கிய சொல் வாய்க்கு வர மறுத்தது.

ஒடுங்கிய குச்சொழுங்கை முகப்பில், மதகுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கைப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். வாங்கு எங்கள் ஊர் வாசிகசாலையுடையது. அவருக்குப் பின்னால் துவக்கோடு இரண்டு பொலிஸ்காரர்கள். எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக முறை சொல்லி உள்ளே போய்விட்டார்கள். எனக்குப் பின்னால் இன்னும் பாதி ஊர் நின்றது. வெயிலில் தார் மணத்தது. வாணி சார்ஜன்டின் தொப்பியைப் பிடிப்பதற்குக் கையை நீட்டினாள்.

அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதுதான் இந்தக் கிழமைக் கதை. ஆனால் நேரே சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

போன கிழமை இந்தப் பத்தியில் மாமியின் அடுப்படியைப் பற்றி எழுதியதற்கு மாமி இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இந்தக் கிழமையும் மாமி வருகிறார். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வாசித்துப் பார்த்தால் அவருக்குக் கோபம் வராது என்றே நினைக்கிறேன். வந்தாலும் வரும்.

படலைக்கு வெளியே

ராமையா எங்கள் பகுதிக்குப் பாண் கொண்டுவருகிறவர். சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் சந்திப் பேக்கரியின் சூட்டுப் பாண். காலையில் படலைக்கு வெளியே நின்று ரப்பர்க் குழல் ஹோனை அமுக்குவார். தடிமன் பிடித்த தாரா கத்துவதுபோல இருக்கும். எங்கள் வீட்டில் எல்லாரும் அந்தச் சத்தத்துக்குத்தான் எழும்புவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்காகவே அவரைத் திட்டுவோம்.

அவர் மலையகத்தில், தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். ஏதோவொரு கலவரத்துக்குப் பிறகு மனைவி லெச்சுமியோடு வடக்கே வந்தார். எங்கள் ஊர் வட்டுக்கோட்டைக்குக் கிட்ட. எங்கள் ரோட்டிலிருந்து பிரிகிற குச்சொழுங்கையின் கடைசியில், கோவில் மனேச்சர் கந்தையாவின் பனங்காணி மூலையில் ஒரு கொட்டில் போட்டு இருந்தார். பிள்ளைகள் இல்லை. சொந்தம் என்று சொல்வதற்குப் பதுளைப் பக்கத்தில் லெச்சுமியின் தம்பி ஒருவன் மட்டும்.

எங்கள் ஊருக்குப் புதிதாக ஒருவர் வந்தால் முதல் கேள்வி, "எவடம்?" இரண்டாவது கேள்வி, "ஆற்றை ஆள்?" அதாவது, யாருடைய சொந்தம். மூன்றாவது கேள்வியைக் கேட்காமலே கண்டுபிடித்துவிடுவோம். ராமையாவிடம் இரண்டாவது கேள்விக்கே பதில் இல்லை. அதனால் அவர் வந்து எத்தனையோ வருடமாகியும் படலைக்கு வெளியிலேயே நின்றார். வெளியே நில் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்க என்று ஒரு தனிப் பேணி இருந்தது. மற்ற வீடுகளிலும் இருந்தது.

அந்தக் காலை

அன்றைக்கு ஹோன் சத்தம் வரவில்லை. வேறு சத்தம் வந்தது. பஸ் டயர் வெடித்தது என்று நினைத்து, வாணிக்கு அவித்த கரட்டை மசித்துக்கொண்டிருந்தேன்.

சந்தியில் ஒரு பொலிஸ் ஜீப் நின்றிருக்கிறது. மறித்திருக்கிறார்கள். ராமையா சைக்கிளை நிறுத்தியிருக்கிறார். பெட்டிக்குள் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பாணை எடுத்துக் காட்டத்தான் மூடியைத் திறந்தார் என்று பேக்கரிக்காரர் சொன்னார். பெட்டிக்குள் கையை விட்டான் என்று பொலிஸ் சொன்னது. சுட்டவர் யாரென்று எங்களுக்கு ஒருபோதும் சொல்லப்படவில்லை. இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டோம்.

என் கணவர் சந்திக்கு ஓடிப் போய்த் திரும்பி வந்தார். கால் கழுவாமலே உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

"பாணெல்லாம் ரோட்டிலை கிடக்குது. இன்னும் சூடாய்க் கிடக்குது," என்றார்.

வாசிகசாலைக் கூட்டம்

கடைகள் பூட்டினார்கள். பள்ளிக்கூடம் பூட்டினார்கள். படலைக்குப் படலை கறுப்புக் கொடி கட்டவேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் கறுப்புத் துணி என்று தேடினால் இவருடைய பழைய குடை ஒன்றுதான் அகப்பட்டது. துணியைக் கம்பியிலிருந்து பிரிக்க எனக்குத் தெரியவில்லை. குடையாகவே கட்டிவிட்டோம். அது காற்றுக்கு விரிந்து விரிந்து மூடியது. அந்த வழியாகப் போன நாய்கள் எல்லாம் நின்று குரைத்துவிட்டுப் போயின. இது மரியாதையா, அவமரியாதையா என்று எனக்குப் பெரிய யோசனையாக இருந்தது. இரண்டு முறை அவிழ்த்து இரண்டு முறை கட்டினேன்.

மறுநாள் காலை செய்தி வந்தது. பிரேதத்தைத் தருவார்கள். ஆனால் அவசரகாலச் சட்டம். அன்றைக்கே எரித்துவிட வேண்டும். ஊர்வலம் கூடாது. சத்தம் கூடாது. சொந்தக்காரர் மட்டும்தான் போகலாம். ஒழுங்கை முகப்பில் பொலிஸ் நிற்கும்.

பதுளைத் தம்பி வருவதற்கு ரயில் ஓடவில்லை. அப்படியென்றால் கொட்டிலுக்குள் ராமையாவும் லெச்சுமியும் மட்டும். பாடை தூக்க நான்கு தோள் இல்லை. கொள்ளி வைக்க ஒரு கை இல்லை.

வாசிகசாலையில் கூட்டம் கூடினார்கள். ஆண்கள் உள்ளே. நாங்கள் யன்னலுக்கு வெளியே. முதலில் ஜெயரத்தினம் மாஸ்டர் எழும்பினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர்.

"சொந்தக்காரர் மட்டும் எண்டால், சொந்தக்காரராய்ப் போவம்," என்றார்.

"ஆற்றை சொந்தக்காரராய்?" என்று ஒருவர் கேட்டார்.

"ராமையாவின்ரை."

எல்லாரும் கோவில் மனேச்சர் கந்தையாவின் முகத்தைப் பார்த்தார்கள். எல்லை வழக்கொன்றுக்குப் பிறகு தன் சொந்தத் தங்கையின் புருசனையே "உவர் எங்களுக்கு ஒரு முறையுமில்லை" என்று சந்தையில் வைத்துச் சொன்ன மனிதர் அவர். அவர் தொண்டையைச் செருமினார்.

"என்ரை காணியிலை இருந்தவன். நான் பெரியப்பா," என்றார்.

அவ்வளவுதான். பஸ்ஸில் சீற் பிடிப்பதுபோல ஆளுக்கொரு முறை பிடிக்கத் தொடங்கினார்கள். அண்ணை, தம்பி, சித்தப்பா எல்லாம் உடனே முடிந்துவிட்டன. முடிந்த பிறகும் பிடித்தார்கள்.

"எல்லாரும் அண்ணன் தம்பி எண்டு நிக்காதேங்கோ," என்று மாஸ்டர் கத்தினார். "ஒரு தாய்க்கு இவ்வளவு பிள்ளையள் எண்டால் சார்ஜன்ட் நம்புவானே? மச்சான், சகலன், மருமகன் எண்டு கலந்து சொல்லுங்கோ!"

ஒருவரும் கேட்கவில்லை. மச்சான் என்றால் தூரமாம். மரியாதைக் குறைவாம்.

மாமியின் சட்டம்

நான் வீட்டுக்கு ஓடிவந்து மாமியிடம் யோசனை கேட்டேன். துடக்கு விசயத்தில் மாமியை வெல்ல ஐயராலும் ஏலாது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எந்தச் சொந்தம் எத்தனை நாள் கோவிலுக்குப் போகக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில்.

"தகப்பன் வழி ஆம்பிளையள் எண்டால் முப்பத்தொரு நாள். அவையளைக் கட்டினவளுக்கும் பிள்ளையளுக்கும் அதே முப்பத்தொண்டு. கட்டிக்குடுத்த தங்கச்சி எண்டால் மூண்டு நாள். மச்சான் எண்டால் முழுகினால் சரி."

"பொய்யாய்ச் சொல்லுற முறைக்கும் துடக்கு இருக்கோ, மாமி?"

மாமி உரலில் இருந்து கையை எடுத்தார். "செத்தவீட்டு வாசலிலை நிண்டு வாயாலை சொன்னால், சொன்னதுதான். அதிலை என்ன பொய், மெய்?"

அங்கேதான் சிக்கல். ஏனென்றால் எனக்கு ஒரு நேர்த்தி இருந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் வாணிக்குக் காய்ச்சல் வந்து, கண் மேலே சொருகி, கை கால் இழுத்தது. நான் விஞ்ஞானம் படித்தவள். பிள்ளையின் கண் சொருகும்போது விஞ்ஞானப் பாடம் ஒன்றுமே ஞாபகம் வராது. பிள்ளையாரைத்தான் கூப்பிட்டேன். இந்தத் திருவிழாவிலேயே, தேரன்று, பிள்ளையை விற்று வாங்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளையைக் கொண்டுபோய்ச் சந்நிதியில் கிடத்திச் சுவாமிக்கு விற்றுவிட வேண்டும். பிறகு காணிக்கை செலுத்தித் திருப்பி வாங்கவேண்டும். அதற்குப் பிறகு பிள்ளை சுவாமியின் பிள்ளை. நாங்கள் வளர்த்துக் கொடுக்கிறவர்கள் மட்டும். காய்ச்சலும் வலிப்பும் சுவாமியின் பொறுப்பு.

கொடியேற்றத்துக்கு ஒரு கிழமைகூட இல்லை. முப்பத்தொரு நாள் துடக்கு என்றால் தேர் தவறிவிடும். இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். பிள்ளையார் காத்திருப்பார். காய்ச்சல் காத்திருக்குமா?

ஆகவே என் முடிவு, தங்கச்சி. மூன்று நாளில் கழிந்துவிடும். ராமையாவுக்கும் மரியாதை, பிள்ளையாருக்கும் மரியாதை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இவர் கூட்டத்திலிருந்து நேரே போய் வரிசையில் நின்றுவிட்டார். அவரிடம் இதைப் பற்றி ஒரு சொல் சொல்லிவைக்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

கைக்குழந்தையைச் செத்தவீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று வேறு ஒரு யோசனை. மாமியிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தால் மாமி சீலை மாற்றிக்கொண்டு முன்னால் நின்றார்.

"நீங்களும் வாறியளோ, மாமி?"

"ஊரெல்லாம் போகுது. நான் மட்டும் இஞ்சை இருந்து என்ன செய்யிறது? அடுப்பை அணைச்சிட்டு நட."

வரிசை

வரிசையில் முதல் ஆள் கந்தையா.

"பெரியப்பா," என்றார்.

சார்ஜன்ட் தமிழர்தான். நெற்றியில் மூன்று குறி திருநீறு. ஊர் மட்டும் வேறு.

"அப்ப செத்தவர் உங்கடை தம்பியின்ரை மகன்?"

"ஓம்."

"தம்பியின்ரை பேர் என்ன?"

கந்தையா வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

"ராமையாவின்ரை தேப்பன்," என்றார்.

அடுத்தது ஜெயரத்தினம் மாஸ்டர். வெள்ளைக் காற்சட்டை, கழுத்துப் பட்டி. "நான் மூத்த அண்ணன்."

"முழுப் பேர்?"

"சாமுவேல் ஜெயரத்தினம்."

"நீங்கள் வேதக்காரர். செத்தவர் சைவம்."

"அவன் மாறேல்லை. நான் மாறினனான்."

"எப்ப மாறினனீங்கள்?"

மாஸ்டருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "என்ரை பூட்டன் காலத்திலை," என்றார்.

சார்ஜன்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போகச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒரு பல்லில்லாத கிழவர் தான் மருமகன் என்றார். தபால்காரர் தன் முறையை அம்மாவின் ஒன்றுவிட்ட சித்தியிலிருந்து தொடங்கி, நடுவில் வழிதவறி, கடைசியில் தனக்குத் தானே மாமா என்று முடித்தார். அவரையும் விட்டார்கள்.

இவர் எனக்குக் கொஞ்சம் முன்னால் நின்றார். நான் கொண்டுவந்த வாணியைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்திருந்தவர், அவள் அழுததால் திருப்பி என்னிடம் தந்துவிட்டுப் போனார். அவர் சார்ஜன்டிடம் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை.

பிறகு நான். வாணியை அந்த இடுப்புக்கும் இந்த இடுப்புக்கும் மாற்றி முடிந்து, கடைசியில் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டேன்.

"தங்கச்சி," என்றேன்.

"கூடப்பிறந்த தங்கச்சியோ?"

"ஓம்."

"உந்தப் பிள்ளையை உங்களிட்டைத் தந்திட்டுப் போனவர் ஆர்?"

"என்ரை அவர்."

சார்ஜன்ட் முழங்கையை முழங்காலில் ஊன்றினார்.

"அவர் கூடப்பிறந்த தம்பி எண்டு சொல்லிப்போட்டுப் போறார்."

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். இவர் போன திசையைப் பார்த்தார். வாணியைப் பார்த்தார். வாணி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும்…" என்று தொடங்கினார். அந்தச் சொல்லை முடிக்க அவருக்கே கூச்சமாகிவிட்டது.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். என் காது இரண்டும் நெருப்பாக எரிந்தன. அந்த நிலையிலும் என் மனது கணக்குப் போட்டது. இவர் மாறிச் சொல்லிவிட்டார், அவர் மச்சான்தான், நான்தான் தங்கச்சி என்று சொல்லலாம். சொன்னால் நேர்த்தி நிறைவேறும். ஆனால் துவக்கோடு இருவர் போய் இவரைப் பொய்காரன் என்று இழுத்து வருவார்கள். ஒழுங்கைக் கடைசியில் இவர் ஏற்கனவே சேட்டைக் கழற்றிவிட்டுப் பாடைக்குத் தடி கட்டிக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது.

"அவர்தான் சொந்தம்," என்றேன். "நான் அவரைக் கட்டி வந்தனான். தங்கச்சி எண்டது… ஒரு அன்பிலை சொன்னது."

முப்பத்தொரு நாள் என் தலையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"போங்கோ. பிள்ளைக்கு வெயில் படுது," என்றார் சார்ஜன்ட். பிறகு என் பின்னால் நின்ற மாமியைக் கேட்டார். "அம்மா, நீங்கள் ஆர்?"

மாமிக்கு அவ்வளவு நேரமும் ஏறியிருந்த கோபமெல்லாம் குரலில் வந்தது.

"உங்கை போறவன் என்ரை மகன். செத்தவன் அவன்ரை கூடப்பிறந்தவன் எண்டால் நான் வேறை ஆர்? தாய்!"

தாய்

தாய் என்று சொல்லிவிட்டு மூலையில் நிற்க முடியாது. ஒரு பொலிஸ்காரன் கொட்டில் வாசல் வரைக்கும் வந்து நின்றான். மாமி உள்ளே போய் ராமையாவின் தலைமாட்டில் இருந்தார். அந்தக் கொட்டிலுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சீலைத் தலைப்பால் முகத்தை மூடி, அந்தப் பொலிஸ்காரனுக்குக் கேட்கிற மாதிரி, "என்ரை ராசா" என்று தொடங்கினார். முதல் இரண்டு வரி நடிப்பு. எனக்குத் தெரியும், மாமியின் நடிப்பு நான் பார்க்காததா? மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. பிறகு அவரை நிறுத்த எங்களால் முடியவில்லை.

லெச்சுமி அழவில்லை. கொட்டில் நிறைந்து, முற்றம் நிறைந்து, பனைகளுக்கு இடையில் எல்லாம் நின்ற சனத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவுங்க எல்லாம் யாருங்க?" என்று என்னை மெதுவாகக் கேட்டாள்.

"சொந்தக்காரர்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

அவள் ராமையாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பேரா? அவருக்குத் தெரியாமப் போச்சே," என்றாள்.

சத்தம் கூடாது என்ற கட்டளை இருந்ததால் பாடை தூக்கும் சண்டையை எல்லாரும் இரகசியக் குரலில் பிடித்தார்கள். "நான் மூத்தவன், விடு." "நீ பேந்து பிடி." நான்கு தோளுக்குத் தவித்த பாடைக்கு இப்போது வழி விடாத அளவு தோள். படலைக் கப்புத் தடியில் இடித்து, பின்வாங்கி, சரிந்து, நிமிர்ந்துதான் வெளியே போனது. கந்தையா கொள்ளி வைத்தார். சுடலையிலிருந்து திரும்பி வந்தவர் நேரே கிணற்றடிக்குப் போய்க் கனநேரம் அள்ளி அள்ளி ஊற்றினார்.

துடக்குக் கணக்கு

இரண்டு நாள் கழித்து ஐயர் கந்தையாவிடம் வந்தார். கொடியேற்றத்துக்கு ஆர் ஆர் வருகிறீர்கள், தேருக்கு வடம் பிடிக்க எத்தனை பேர் என்று கேட்டார்.

அப்போதுதான் ஊருக்கு விளங்கியது.

தேவையான ஆட்கள் எல்லாரும் அண்ணன், தம்பி, சித்தப்பா. எல்லாருக்கும் முப்பத்தொரு நாள். மனேச்சரே பெரியப்பா. மாஸ்டரின் சொல்லைக் கேட்டு மச்சான் என்று சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அதில் ஒருவருக்கு மூட்டுவாதம். தபால்காரர் எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியவில்லை.

"பொலிசுக்குச் சொன்ன பொய்தானே, ஐயா?" என்று கந்தையா கெஞ்சினார்.

"பொய்யெண்டால் நல்லது," என்றார் ஐயர். "அதைப் பொலிசிட்டைப் போய்ச் சொல்லிப்போட்டுக் கோயிலுக்கு வாங்கோ. திருவிழாக் காவலுக்கு அந்தச் சார்ஜன்டைத்தான் போட்டிருக்காம்."

கந்தையா கடைசி முயற்சியாக எங்கள் வீட்டுக்கு வந்து, பெரியப்பாவுக்குத் துடக்கில் ஏதாவது குறைவு இருக்குமா என்று மாமியைக் கேட்டார்.

"தாய் நான் இருக்கிறன்," என்றார் மாமி. "பெரியப்பனுக்கு என்ன அவசரம்?"

மாமி தன் உத்தியோகத்தை விடவில்லை. மூன்று நேரமும் லெச்சுமிக்குச் சாப்பாடு கொண்டுபோனார். தானும் மச்சம் மாமிசம் தொடவில்லை, எங்களையும் தொட விடவில்லை. ஜெயரத்தினம் மாஸ்டர்கூட, அண்ணன் என்றால் அண்ணன்தான் என்று சொல்லி ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் நின்றார். வேதக்காரருக்குத் துடக்கு ஏது என்று மனைவி கேட்டாராம். பூட்டன் காலத்துக்கு முந்தியது மிச்சம் இருக்கும் என்றாராம். அவருக்கு அந்த ஆராதனையில் பிரசங்கம் நீளம் என்ற குறை முன்பிருந்தே உண்டு.

எனக்கு மட்டும் நித்திரை இல்லை. பிள்ளைக்கும் துடக்கா? பிள்ளை ஒன்றும் சொல்லவில்லையே, சிரித்தது மட்டும்தானே? வாக்குக் கொடுத்தபோது 'துடக்கு இல்லாவிட்டால்' என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாமே? ஒவ்வொரு பின்னேரமும் வாணியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். எத்தனை முறை தொட்டேன் என்றால், அவளும் பழகிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.

வடம்

தேரன்று ஊர் முழுவதும் குளித்து, வெள்ளை உடுத்து, கோவில் வீதிக்கு வெளியே, ரோட்டின் அந்தப் பக்கத்தில் வரிசையாக நின்றது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தேர் பார்க்காமல் வீட்டில் இருக்க ஒருவராலும் முடியவில்லை. ரோட்டைத் தாண்டவும் ஒருவருக்கும் ஏலாது. அவ்வளவுதான்.

உள்ளே ஐயர், மச்சான்மார், பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்த கொஞ்சப் பேர். பஸ் ஓடாததால் மற்றவர்கள் வரவில்லை. சுவாமி தேரில் ஏறினார். மேளம் முழங்கியது. வடத்தைப் பிடித்து இழுத்தார்கள். தேர் அசையவில்லை. திரும்பவும் இழுத்தார்கள். மூட்டுவாதக்காரர் நிலத்தில் இருந்துவிட்டார்.

மேளம் நின்றது. ரோட்டின் இந்தப் பக்கத்தில் நாங்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். சார்ஜன்ட் எங்களைப் பார்த்தார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொருவரும் என்ன முறை என்பது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

ஐயர் போய் அவரிடம் ஏதோ சொன்னார். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றினார். சப்பாத்தைக் கழற்றினார். சேட்டைக் கழற்றி மடித்துத் தேர்முட்டிப் படியில் வைத்தார். பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டார். ஒருவன் துவக்குகளுக்குக் காவல் நிற்க, மற்றவர்கள் வெறும் மேலோடு வந்து வடத்தைப் பிடித்தார்கள். சிங்களப் பொலிஸ்காரன் ஒருவனுக்கு "அரோகரா" சொல்ல ஐயர் காட்டிக்கொடுத்தார். அவன்தான் எல்லாரிலும் பலமாகச் சொன்னான்.

தேர் ஆடி, முனகி, நகர்ந்தது. நேரே அல்ல. கந்தையாவால் பொறுக்க முடியவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கத்தில் நின்றே குதித்தார்.

"வலப்பக்கம்! வலப்பக்கத்தாலை பிடியுங்கோ! ஐயோ, உவங்கள் தேரைக் கொண்டுபோய் ஐயற்றை குசினிக்குள்ளை விடப்போறாங்கள்!"

எங்களுக்கு நேரே, வீதி மூலையில், தேர் மணலில் புதைந்து நின்றது. சார்ஜன்ட் வடத்தை விட்டுவிட்டு ரோட்டைக் கடந்து வந்தார். வியர்வையில் திருநீறு கரைந்து மூக்கு வரைக்கும் வழிந்திருந்தது. என் முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளைக்கு ஒரு நேர்த்தி இருக்குதாம். ஐயர் சொன்னவர்."

"ஓம்."

"வந்து செய்யுங்கோ, பிள்ளை. நான் ஒண்டும் கேக்கமாட்டன்." குரலைத் தாழ்த்தினார். "ராமையா உங்கள் ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

இரக்கத்தில் சொன்னாரா, ஆழம் பார்த்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம். வாணி அவருடைய மூக்கில் வழிந்த திருநீற்றைத் தொட எட்டினாள். ரோட்டைக் கடந்தால் சந்நிதி. சுவாமி தேரில் இருந்து இந்தப் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. மாமியின் முகத்தையும் பார்க்கவில்லை. எந்தச் சின்ன விசயத்துக்கும் நாலு பேரைக் கேட்கிறவள், அன்றைக்கு ஒருவரையும் கேட்கவில்லை.

"ஏலாது, ஐயா," என்றேன். "எங்கடை வீட்டிலை ஒருத்தரைச் சுட்டுப்போட்டினம். இன்னும் துடக்குக் கழியேல்லை."

அவர் அப்படியே நின்றார். வெறும் காலில் ரோட்டுத் தார் சுட்டிருக்க வேண்டும். நகரவில்லை.

மாமிதான் கடைசியில் வாய் திறந்தார். "வடம் கிடக்குது, தம்பி. போய்ப் பிடியுங்கோ."

சார்ஜன்ட் திரும்பிப் போய் வடத்தைப் பிடித்தார். தேர் மணலை விட்டுக் கிளம்பக் கனநேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் நாங்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கத்தில், ராமையாவின் சொந்தக்காரர் அத்தனை பேரும், நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.